அன்னமுன்னா என்று எழுதாத கடிதம்

மேசையில் மூன்று பழங்கள் இருக்கின்றன. அக்கா கொண்டுவந்து வைத்து இன்றைக்கு நான்காவது நாள். ஒன்று செதில் விட்டு வெடித்து, வெள்ளைச் சதை மேசை விரிப்பில் கசிந்திருக்கிறது. எறும்பு வரிசை கட்டிவிட்டது. வீடு முழுக்க அந்த இனித்த, கொஞ்சம் புளித்த வாசம். மகள் இரண்டு தரம் எடுத்து எறியப் பார்த்தாள். வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டாள். விரிப்பிலிருந்து எறும்புகளைத் தட்டிவிட்டேன்.

உமக்கு நான் கடிதம் எழுதியதில்லை. ஊர்ச் சனத்தின் கடிதங்களுக்கெல்லாம் இருபத்தைந்து வருடமாக முத்திரை குத்தி அனுப்புகிறவன், கட்டிய மனைவிக்கு ஒரு வரி எழுதியதில்லை. ஒரே வீட்டில் இருந்தோம், தேவைப்படவில்லை. நீர் போய்ப் பதினான்கு வருடம் கழித்து இப்போது எழுதுகிறேன். அக்கா அன்றைக்குப் பழங்களை வைத்துவிட்டுச் சும்மா போகவில்லை. கதிரையில் அமர்ந்து ஒரு சேதி சொல்லிவிட்டுத்தான் போனார். அதை எழுதுவதற்கு முன் மற்றவற்றை ஒழுங்காக எழுத வேண்டும். எழுதிப் பார்த்தால்தான் எனக்கே விளங்கும் போலிருக்கிறது.

நாம் முதன்முதல் பேசிக்கொண்டது இந்தப் பழத்தைப் பற்றித்தான். அப்போது நான் உங்கள் ஊர்காவற்றுறைப் பக்கத்துத் தபாற்கந்தோர் ஒன்றில் இளம் எழுதுவினைஞன். நீர் ஒரு கடித உறையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, ஒட்டியிருந்த முத்திரை எந்த நாட்டுடையது என்று கேட்டீர். உம்முடைய அண்ணை பாவிலு கப்பலில் ஏறி ஆறு மாதம் ஆகியிருந்தது. தாய் தகப்பன் இல்லாத உம்மைத் தலையில் வைத்து வளர்த்தவர். வள்ளத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்தவர், கொழும்புக்குப் போய்ச் சரக்குக் கப்பல் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். நான் முத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீர் என் மேசையைப் பார்த்தீர்.

"அந்த அன்னமுன்னா அழுகப் போகுது. ஆருக்காவது குடுங்கோவன்" என்றீர்.

"என்ன முன்னா?"

"உதுதான். உங்களுக்குப் பக்கத்திலை இருக்கிறது."

வீட்டு வளவில் பழுத்து அம்மா கட்டித் தந்த பழங்கள் அவை. "இது சீத்தாப்பழமெல்லோ" என்றேன்.

"உங்கடை பக்கம் அப்பிடியாக்கும். எங்கடை கரையிலை அன்னமுன்னா."

உங்கள் கரைக்கும் எங்கள் புளியங்கூடலுக்கும் சைக்கிளில் போகிற தூரம்தான். நீங்கள் கடலைப் பார்த்திருந்தீர்கள், நாங்கள் தோட்டத்தைப் பார்த்திருந்தோம். நீங்கள் கோயிலென்று சொன்னது மாதா கோயிலை, நாங்கள் சொன்னது பிள்ளையார் கோயிலை. பழத்துக்கும் இரண்டு பெயர் இருக்கிறதென்று அன்றைக்குத்தான் அறிந்தேன். அந்தப் பழங்களை உம்மிடமே கொடுத்தனுப்பினேன். முத்திரை எந்த நாட்டுடையது என்று கண்டுபிடித்துச் சொல்ல எனக்கு இரண்டு கிழமை எடுத்தது. வேண்டுமென்றே இரண்டு கிழமை எடுத்தேன் என்பதை நீர் பிறகு கண்டுபிடித்துவிட்டீர்.

நமது கலியாணத்தைப் பதிவுகாரர் வீட்டு விறாந்தையில் எழுதினார்கள். உம்முடைய பக்கத்தில் எவரும் வரவில்லை. என் பக்கத்தில் கந்தோர்ச் சிநேகிதர் இரண்டு பேர். பாவிலு மட்டும் எங்கோ ஒரு துறைமுகத்திலிருந்து எழுதினார்: "தங்கச்சி, உன்ரை மனம் ஒத்தால் எனக்கும் ஒத்தது. அவரைக் கேட்டதாய்ச் சொல்லு." அவர் பேசுவது போலவே எழுதுவார். தாளின் தலைப்பில் சின்னதாக ஒரு சிலுவை கீறுவார். முடிவில் எப்போதும் "செபத்திலை நினைச்சுக்கொள்" என்று இருக்கும்.

எனக்கு வேலை எங்கள் ஊர்ப் பக்கத்து உப தபாற்கந்தோருக்கு மாறியது. எங்கள் வளவின் ஓரத்தில் இரண்டு அறை வீடு ஒன்றில் குடியிருந்தோம். அம்மா கண்மூடும்வரை அந்தப் படலையைத் தாண்டி வரவில்லை. இளவயதிலேயே புருஷனை இழந்து அம்மாவோடு இருந்த அக்கா மட்டும் வந்துபோவார். வருவதும் குறை பிடிக்கத்தான். அக்காவின் வாய் உமக்குத் தெரியும்.

ஒருநாள் அக்காவும் அயற்பெண்கள் இரண்டு பேரும் கிணற்றடியில் நின்றார்கள். நீர் மரத்தைப் பார்த்து, "மச்சாள், அன்னமுன்னா முத்தியிருக்கு, புடுங்கி வைக்கட்டோ" என்று கேட்டீர்.

அக்கா மற்றவர்களைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். "அன்னம் முன்னாலையெண்டால் கறி பின்னாலையோ, பிள்ளை?"

பெண்கள் சிரித்தார்கள். அக்கா விடவில்லை. "மீன் விக்கிற சந்தையிலை உப்பிடிச் சொல்லலாம். இது மனிசர் இருக்கிற வளவு. சீத்தாப்பழம் எண்டு சொல்லிப் பழகு."

நான் வாளியோடு அங்கேதான் நின்றேன். சிரித்தவர்களில் நானும் ஒருவன். உமக்கு வலிக்கும் என்று நினைத்துச் சிரிக்கவில்லை. ஒரு பகிடி, அவ்வளவுதான் என்று நினைத்தேன். நீரும் சிரித்தீர். அதன் பிறகு அந்த வளவில் உம்முடைய வாயிலிருந்து அன்னமுன்னா என்ற சொல் வரவில்லை. சீத்தாப்பழம் என்றீர். கறிக்கும் குழம்புக்கும் எங்கள் வீட்டுச் சொல்லையே சொன்னீர், மச்சாள் சொல்கிற மாதிரியே ராகம் இழுத்துக் கதைத்தீர். கொஞ்சக் காலத்தில் உம்மைக் கரைப் பெண் என்று எவரும் பேச்சில் கண்டுபிடிக்க ஏலாத அளவுக்கு மாறிவிட்டீர். நான் அதைக் கெட்டித்தனம் என்று மெச்சினேன்.

பாவிலுவின் கடிதங்கள் மட்டும் மாறவில்லை. இரண்டு மாதத்துக்கு ஒன்று, சில வேளை மூன்று மாதத்துக்கு ஒன்று வரும். நான்தான் பையிலிருந்து பிரித்தெடுப்பேன். பின்னேரம் வீட்டுக்குக் கொண்டுவந்தால் நீர் குசினியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நிலத்தில் இருப்பீர். வாசிக்கத் தெரிந்தவர்தான். ஆனால், "நீங்கள் வாசியுங்கோ, நான் கேக்கிறன். அப்பதான் அண்ணை கதைக்கிற மாதிரி இருக்கு" என்பீர். நான் வாசித்து முடித்ததும் தாளை வாங்கி, எழுத்தை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்து, அலுமாரியில் துணிகளுக்கு அடியில் வைப்பீர்.

அவற்றில் ஒரு கடிதம் இப்போது எனக்குப் பாடம். கப்பல் அப்போது ஸ்பானிய மொழி பேசுகிற தீவுகளுக்குச் சீமெந்து ஏற்றிப் போய்க்கொண்டிருந்தது. பாவிலு எழுதியிருந்தார்:

"தங்கச்சி, இண்டைக்குச் சந்தையிலை எங்கடை பழத்தைக் கண்டனான். அதே செதில், அதே கறுத்த விதை. விக்கிற கிழவியைப் பேர் கேட்டன். அனோன் எண்டாள். எனக்கு மயிர் கூச்செறிஞ்சுது. இரண்டு நாள் ஓடி அடுத்த துறைக்குப் போனம். அங்கை அனோனா எண்டு கேட்டால் வேறை பழத்தைத் தருகினம், தோல் அழுத்தமாய்ச் சிவந்தது. அதே சிவந்த பழத்துக்கு இன்னொரு தீவிலை இருதயம் எண்டு பேர். பாத்தால் இருதயம் மாதிரித்தான் இருக்கு. பாஷை ஒண்டு, பழம் ஒண்டு, துறைக்குத் துறை பேர் வேறை. எங்கடை ஊர் மாதிரித்தான்.

"கப்பல் குசினிக்காரன் அந்தப் பக்கத்து ஆள். அவன் சொல்லுறான், அந்தச் சொல் ஸ்பானியருடையது இல்லையாம். அவை வர முதல் அந்தத் தீவுகளிலை இருந்த சனத்தின்ரை சொல்லாம். ஸ்பானியர் வந்து கொஞ்சக் காலத்திலை அந்தச் சனம் முழுக்க முடிஞ்சுபோச்சுதாம். கொய்யா, பப்பாசி எண்டு நாங்கள் சொல்லுறதும் அவையளின்ரை சொல்லுத்தானாம். சனம் இல்லை, சொல்லு மட்டும் நிக்குது. ஸ்பானியரிட்டை இருந்து போத்துக்கேயர் எடுத்து, அவங்கள்தான் எங்கடை கரைக்கும் கொண்டுவந்திருப்பாங்கள். நாங்கள் முன்னாவைச் சேத்துப்போட்டம். ஆரும் உன்னைப் பகிடி பண்ணினால் சொல்லு, இது கடல் கடந்து வந்த சொல்லெண்டு."

கிணற்றடிப் பகிடியை நீர் அவருக்கு எழுதியிருந்தீர் என்பது அந்த வரியை வாசித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. நான் நிமிர்ந்து பார்த்தேன். நீர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர். பிறகு அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நேரே அக்காவிடம் போனீர். அத்தனை வருடத்தில் நீர் அக்காவுக்கு எதிரே போய் நின்றது அந்த ஒருமுறைதான்.

"மச்சாள், அண்ணை எழுதியிருக்கிறார். அங்கையும் எங்கடை பேர்தானாம்."

அக்கா வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார். கேட்டு முடித்து, "கடலுக்கு அங்காலையும் மீன் பிடிக்கிற சனம்தான் இருக்குதாக்கும்" என்றார்.

நீர் திரும்பி வந்தீர். கடிதத்தை மடித்து வைத்தீர். அதன் பிறகும் வளவில் சீத்தாப்பழம் என்றே சொன்னீர்.

இரண்டு பிள்ளைகள் வயிற்றில் தங்காமற் போயின. மூன்றாவது தங்கியது. ஆறாம் மாதம் கால் வீங்கி, தலை சுற்றி விழுந்தீர். யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோய்க் காட்டினோம். இரத்த அழுத்தம் கூடிவிட்டது என்றார் டொக்குத்தர். படுக்கையை விட்டு எழும்பக் கூடாது, வெளிச்சம் கூடாது, வாசிக்கக் கூடாது. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒரு அதிர்ச்சியும் குடுத்துப்போடாதையும். தாய்க்கும் கூடாது, பிள்ளைக்கும் கூடாது" என்றார். யன்னலுக்குச் சாக்குக் கட்டி அறையை இருட்டாக்கினோம். பகலில் நான் கந்தோருக்குப் போகும்போது அக்கா வந்து உம்மோடு இருப்பார். எவரும் கேட்காமல் தானாகவே வந்தார். அதுவரை அவரிடம் நான் காணாத ஒன்று அது.

கார்த்திகைக் கடைசியில் ஒருநாள் முற்பகல், தந்தி ஒன்று இருக்கிறது என்று தொலைபேசி வந்தது. எங்களைப் போன்ற சின்னக் கந்தோர்களுக்குத் தந்தியைத் தொலைபேசியில்தான் சொல்வார்கள், நாங்கள் எழுத்து எழுத்தாகக் கேட்டு எழுத வேண்டும். முதலில் பெறுநர் பெயர். உம்முடைய பெயர். கொழும்பிலிருந்து கப்பல் முகவர் அனுப்பியிருந்தார். ஒவ்வொரு ஆங்கில எழுத்தாக அந்தக் குரல் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பாவிலு சரக்கறைக்குள் தவறி விழுந்து இறந்துபோனார், உடலைக் கடலில் அடக்கம் செய்துவிட்டார்கள் என்பதை நான் என் கையாலேயே எழுதினேன். "திருப்பிச் சொல்லும்" என்றது குரல். எழுதியதை முழுவதும் திருப்பி வாசித்துக் காட்டினேன். "சரி" என்று வைத்துவிட்டார்கள்.

தந்தியை உடனே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்பது என் வேலையின் முதற் கடமை. அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பின்னேரம்வரை கந்தோரில் இருந்தேன். வீட்டுக்கு வந்து அக்காவை வேலியடிக்குக் கூப்பிட்டுச் சொன்னேன். அக்கா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார்.

"இப்ப சொல்லாதை தம்பி. பிள்ளை பிறக்கட்டும். பிறகு நான் சொல்லுறன்."

அப்படித்தான் அது முடிவாயிற்று. ஆனால் நீர் கேட்கத் தொடங்கிவிட்டீர். கடைசிக் கடிதம் வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. நான் படலையைத் திறக்கிற சத்தம் கேட்டதும் இருட்டு அறையிலிருந்து குரல் வரும்: "அண்ணையின்ரை கடிதம் ஏதும் வந்ததோ?" இல்லை என்பேன். மறுநாளும் கேட்பீர். "கப்பல் நடுக்கடலிலை நிக்கும்" என்பேன். ஒரு நாள் கேட்டுவிட்டு மெல்ல அழத் தொடங்கினீர். அக்கா என்னைப் பார்த்தார். மறுநாள் நான் அந்தக் கடிதத்தை எழுதினேன்.

கந்தோரில் சனம் ஓய்ந்த நேரம் பார்த்து எழுதினேன். பழைய கடிதங்களை எடுத்துவந்து பக்கத்தில் வைத்துக்கொண்டேன். தலைப்பில் சிலுவை கீறினேன். அவர் விடுகிற எழுத்துப்பிழைகளைக்கூட நானும் விட்டேன். கப்பலில் நல்ல சாப்பாடு, குளிர்தான் கூட, தை பிறந்த பிறகு ஊருக்கு வருவேன், உன்ரை பிள்ளையைத் தூக்க வேணும் என்றெல்லாம் எழுதினேன். உமக்குச் சந்தோஷமாக இருக்கட்டுமென்று, "இஞ்சை சந்தையிலை நல்ல சீத்தாப்பழம் கண்டனான், உன்ரை நினைவு வந்தது" என்று ஒரு வரியும் சேர்த்தேன். "செபத்திலை நினைச்சுக்கொள்" என்று முடித்தேன்.

நீரோ வளவில் வருடக்கணக்காகச் சீத்தாப்பழம் என்றே சொல்லிக்கொண்டிருந்தீர். கிணற்றடி எனக்கு மறந்துபோயிருந்தது. எனக்கு வலித்த இடமாக இருந்திருந்தால் மறந்திருக்காது.

மார்கழி பிறந்து இரண்டாம் நாள் பின்னேரம் அதை உமக்கு வாசித்தேன். வெளிச்சம் கூடாதென்பதால் நான் வாசலடியில் கதிரையைப் போட்டு இருந்தேன். நீர் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தீர். முகம் மலர்ந்துதான் இருந்தது. பழத்தைப் பற்றிய வரி வந்ததும், "அதைத் திருப்பி வாசியுங்கோ" என்றீர். திருப்பி வாசித்தேன்.

"ஓம். நல்லாய் எழுதியிருக்கிறார்" என்றீர்.

தாளை மடித்து நீட்டினேன். கை நீட்டவில்லை. "நீங்களே வையுங்கோ. எனக்கு எழும்ப ஏலாது" என்றீர். எழுத்தைத் தடவிப் பார்க்க நீர் கேட்காதது என் அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினேன். தப்பிவிட்டோம் என்று மனம் சொன்னது.

நாலைந்து நாள் கழித்து, "அண்ணைக்குப் பதில் எழுதவேணும். நான் சொல்லுறன், நீங்கள் எழுதுங்கோ" என்றீர். தாளும் பேனையும் எடுத்துக்கொண்டு வாசலடியில் இருந்தேன். நீர் சொன்னது நீளமில்லை. "அண்ணை, நான் சுகம். என்னைப் பற்றி இனி ஒண்டும் யோசியாதேங்கோ. என்னை வளத்து ஆளாக்கிப் போட்டியள், அது காணும். அவர் என்னை நல்லாய்ப் பாக்கிறார். நீங்கள் பட்டதெல்லாம் போதும், இனி இளைப்பாறுங்கோ."

"அவ்வளவும்தானோ?" என்று கேட்டேன்.

"அவ்வளவும்தான்."

நான் உறையில் போட்டு, பழைய விலாசத்தை எழுதி, உமக்குக் காட்டினேன். அனுப்பவில்லை. அனுப்ப எந்தத் துறைமுகம் இருந்தது?

வாசித்த நாளிலிருந்து பத்தொன்பதாம் நாள் உமக்கு நோவு கண்டது. காரில், கடலுக்குக் குறுக்கே போகிற தாம்போதியைத் தாண்டி யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோனோம். காற்றில் கடல் தண்ணீர் றோட்டில் அடித்தது. அன்று பின்னேரமே பெண் பிள்ளை பிறந்தது. சின்னப் பிள்ளை, ஆனால் உரத்துக் கத்தினாள். நீர் பார்த்தீர், தொட்டீர். பிறகு இரத்தம் நிற்கவில்லை. அவர்களும் செய்யக்கூடியதையெல்லாம் செய்தார்கள். மறுநாள் காலை நீர் இல்லை. உங்கள் கரையில், உங்கள் ஆட்களின் சேமக்காலையில்தான் அடக்கம் செய்தோம்.

பிள்ளையை அக்கா வளர்த்தார். நான் கந்தோருக்குப் போய்வந்தேன். நான் தனியே விழுந்து போகாமல் இருந்ததற்கு ஒரே காரணம், உம்மைக் காப்பாற்ற ஏலாவிட்டாலும் பிள்ளையைக் காப்பாற்றினேன் என்ற எண்ணம். அந்தத் தந்தியை அன்றைக்கே கொடுத்திருந்தால் இரண்டு பேரும் போயிருப்பீர்கள். நான் சொன்ன பொய்தான் இந்தப் பிள்ளை. இதை எனக்குள் எத்தனை ஆயிரம் தரம் சொல்லியிருப்பேன்! போன கிழமை மகள் உம்மைப் பற்றிக் கேட்டாள். பெரிய வகுப்புக்கு வந்துவிட்டாள், விளங்கும் என்று நினைத்து முழுவதையும் சொன்னேன். தந்தி, கடிதம் எல்லாம். "நான் மறைச்சபடியால்தான் நீ பிறந்தனி" என்றேன். சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அக்கா குசினியில் நின்றது எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை அக்கா பழங்களோடு வந்தார். மகள் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தாள்.

"மரத்திலை அன்னமுன்னா பழுத்திருந்தது" என்று மேசையில் வைத்தார். கதிரையில் இருந்தார். இப்போது நாலு அடி நடந்தாலே அக்காவுக்கு இளைக்கிறது. மூச்சு அடங்கட்டும் என்று காத்திருந்தேன்.

"தம்பி, அவளுக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"அண்ணை செத்தது. நீ வாசிச்ச அண்டைக்கே தெரியும். நீ கிணத்தடிக்குப் போனாப் போலை என்னைக் கூப்பிட்டவள். 'மச்சாள், அண்ணை இல்லைத்தானே?' எண்டு கேட்டாள். நான் என்னடி விசர்க்கதை கதைக்கிறாய் எண்டன். 'அண்ணை ஒரு நாளும் சீத்தாப்பழம் எண்டு எழுதார். அது உங்கடை வீட்டுச் சொல்லு' எண்டாள். எனக்குப் பொய் சொல்ல வாய் வரேல்லை."

நான் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சத்தம் போட்டு அழேல்லை. என்ரை மடியிலை முகத்தைப் புதைச்சுக்கொண்டு கிடந்தாள். பிறகு சொன்னாள், 'அவரிட்டைச் சொல்லாதேங்கோ மச்சாள். எவ்வளவு கஷ்டப்பட்டு எழுதியிருக்கிறார். எனக்குத் தெரியுமெண்டு தெரிஞ்சால் அவர் உடைஞ்சுபோவார். பிள்ளை பிறக்கட்டும், நானே சொல்லுறன்' எண்டு. பிறகு சொல்ல அவள் இருக்கேல்லை. நத்தார்ப் பெருநாளுக்கெண்டு உன்னட்டை மெழுகுதிரி வாங்குவிச்சாள், நினைவிருக்கோ? அது நத்தாருக்கில்லை. நீ கந்தோருக்குப் போனாப் பிறகு நான்தான் கொளுத்தி வைச்சனான். கண்ணை மூடிக்கொண்டு அண்ணைக்காகச் செபம் சொல்லுவாள்."

"ஏன் இவ்வளவு காலமும் சொல்லேல்லை?"

"என்ன எண்டு சொல்லுறது? நீ அந்தப் பொய்யைப் பிடிச்சுக்கொண்டு உயிரோடை இருந்தாய். நேற்று அந்தப் பிள்ளையிட்டை, நான் மறைச்சபடியால்தான் நீ பிறந்தனி எண்டாய். கேட்டுக்கொண்டு நிக்க ஏலாமப் போச்சுது. எல்லாம் தெரிஞ்சு, தாங்கி, பெத்துத் தந்திட்டுப் போனவள் அவள்." எழும்பும்போது அக்கா சொன்னார், "அண்டையிலிருந்து என்ரை வாயிலை சீத்தாப்பழம் எண்டு வந்ததில்லை. நீ கவனிச்சிருக்க மாட்டாய்."

நான் கவனிக்கவில்லை. எதைத்தான் கவனித்தேன்!

இரண்டு நாள் கழித்து உங்கள் கரைக் கோயிலுக்குப் போனேன். எவருக்கோ பூசை நடந்துகொண்டிருந்தது. கடைசி வாங்குப் பலகையில் இருந்தேன். சுவாமியார் இறந்தவருக்காக வேண்டினார்: நித்திய இளைப்பாற்றியை அவருக்குத் தந்தருளும். எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள். இனி இளைப்பாறுங்கோ என்று நீர் சொல்லி நான் எழுதிய வரி அப்போதுதான் எனக்கு விளங்கியது. நீர் அண்ணைக்குச் செய்யவேண்டிய சடங்கை, பூசையில்லாமல், உறவில்லாமல், ஒன்றும் அறியாத என்னை எழுதுவினைஞனாக வைத்துக்கொண்டு செய்துமுடித்திருக்கிறீர். "அவ்வளவும்தானோ" என்று நான் கேட்டிருக்கிறேன்.

என் பொய்யால் ஆனது ஒன்றுமில்லை. உமக்கு அதிர்ச்சி வரத்தான் வந்தது. பிள்ளை பிறக்கத்தான் பிறந்தாள். நீர் போகத்தான் போனீர். பாவிலுவை நினைத்து அழ இந்த உலகத்தில் உரிமையுள்ள ஒரே ஆள் நீர். நான் அந்த அழுகையைத்தான் உம்மிடமிருந்து எடுத்துக்கொண்டேன். நான் உம்மைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்திருந்த நாட்களில் நீர் என்னைக் காப்பாற்றிக்கொண்டு கிடந்தீர். பின்னேரத்தில் நான் படலையைத் திறந்ததும், "கந்தோரிலை இண்டைக்கு வேலை கூடவோ" என்று கேட்ட அந்தச் சாதாரணக் குரலை எங்கிருந்து எடுத்தீர்?

இதை மகளுக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. சொல்லாமல் விட்டால் மீண்டும் ஒரு தந்தியைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறவனாவேன். சொன்னால், அவள் என்னைப் பார்க்கிற பார்வை மாறும். மாறட்டும் என்று நினைக்கிறேன். நினைத்துவிட்டுப் பேசாமல் இருக்கிறேன்.

அந்தப் பத்தொன்பது நாட்களையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறேன். இத்தனை காலமும் வெறும் நாட்களாகக் கிடந்தவை. அவற்றில் ஒன்று என்னை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. அன்று மத்தியானம் ஏதோ நினைத்துக்கொண்டு இடையில் வீட்டுக்கு வந்தேன். நீர் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தீர். தண்ணீர் பருக்குவதற்காகத் தலைக்குக் கீழே கையைக் கொடுத்துத் தூக்கினேன். தலையணை ஒரு பக்கம் முழுக்க நனைந்திருந்தது.

"என்ன இது, இப்பிடி ஈரமாய்க் கிடக்கு?" என்று கேட்டேன்.

"வேர்வை" என்றீர்.

நான் தலையணையைப் புரட்டி, காய்ந்த பக்கத்தை மேலே வைத்து, உம்மைப் பழையபடி கிடத்தினேன். நல்ல வேலை செய்த திருப்தியோடு கந்தோருக்குத் திரும்பினேன். அது மார்கழி மாதம். வெளியே வாடைக் காற்று ஊளையிட்டுக்கொண்டிருந்தது. உமக்குக் குளிருமென்று போர்வையைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திவிட்டுத்தான் போனேன்.